எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வர, இரண்டு வயதுப் பிள்ளையைப் பாருங்கள்

கேள்வி: "கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா குடும்பங்கள் நிறையத் தங்கி வேலை செய்கின்றன. பிள்ளைகள் பகல் முழுவதும் லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) வாசலிலேயே நிற்கிறார்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? பள்ளியில் சேர்க்க என்னென்ன ஆவணம் வேண்டும்? எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டுமா?"

நல்ல எண்ணம். ஆனாலும் ஞாயிறு வகுப்பை இப்போதைக்கு ஒத்திவையுங்கள் என்றே சொல்வேன். அந்தக் குடும்பங்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு. துணி துவைப்பது, தலைக்குக் குளிப்பது, சாமான் வாங்கப் போவது, ஊருக்குப் பணம் அனுப்புவது, செல்போனில் பாட்டியோடு பேசுவது எல்லாம் அன்றுதான். நீங்கள் பலகையும் சாக்கட்டியுமாகப் போய் நின்றால் மரியாதைக்குப் பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேர்தான் வருவார்கள். அதற்கடுத்த வாரம் "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று நமக்குள் பேச ஆரம்பித்துவிடுவோம். இந்த மலையில் அப்படித் தொடங்கி அப்படியே முடிந்த வகுப்புகள் பல.

அதற்குப் பதிலாக ஒரு வேலை நாளில், காலை பத்து மணி வாக்கில் லைன் பக்கம் போய்ப் பாருங்கள். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்காமல் நுழைந்தால் முதல் நாளே கதவு சாத்தப்படும். வாசலில் நிற்பது பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் பிள்ளையாக இருக்கும். இடுப்பில் தம்பியோ தங்கையோ. குழந்தையின் கனம் ஒரு பக்கம் இழுப்பதால் அவள் மறுபக்கம் சாய்ந்தே நிற்பாள். உள்ளே வடித்த சோறு மூடி வைத்திருக்கும். பதினோரு மணிக்குத் தம்பிக்கு ஊட்ட வேண்டும். அவன் தூங்கியதும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போக வேண்டும். தூறல் விழுந்தால் கொடியில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளே போட வேண்டும். அம்மா இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு விடிந்ததும் கொழுந்துக்குப் போனவள். சாயங்காலம் இலை நிறுத்துக் கணக்குப் பார்த்த பிறகுதான் திரும்புவாள். ஆக, அந்தப் பிள்ளை சும்மா நிற்கவில்லை. அந்த வீட்டுக்கு வரும் இரண்டாவது சம்பளம் அவளை நம்பித்தான் வருகிறது.

இந்தப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்டால் மொழி, ஆதார், வறுமை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நான் பார்த்தவரையில் முதல் காரணம் அந்தக் கைக்குழந்தைதான். பகலில் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு வழி பிறக்காத வரை, மற்ற எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாலும் அக்காக்காரி பள்ளிக்கு வர மாட்டாள். வந்தாலும் நிலைக்க மாட்டாள். ஆகவே உங்கள் முதல் வேலை பாடம் நடத்துவதல்ல, பிள்ளைக் காப்பகம்.

இது தோட்டங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே, 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலோ, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்திலோ காப்பகம் நடத்த வேண்டும் என்று சொன்னது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தோட்டத்தில் காப்பகம் என்ற ஏற்பாடு அதிலும் உண்டு. பெரிய எஸ்டேட்டுகள் பலவற்றில் காப்பகக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளூர்த் தொழிலாளர் குறைந்து, பிள்ளைகளும் குறைந்த பிறகு, சில இடங்களில் அது உரமூட்டை போடும் அறையாகிவிட்டது. அந்தச் சாவியை வாங்குவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியாக இருக்கலாம். வங்கியில் வேலை பார்த்தவர், மேனேஜர்களோடு பேசத் தெரிந்தவர் என்ற வகையில் உங்களுக்கு அது சுலபமும்கூட. "காப்பகம் இருந்தால் பெண்கள் நிம்மதியாகக் கொழுந்து பறிப்பார்கள், ஆள் நிலைப்பார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சட்டப் பிரிவைச் சொல்வதைவிட அது சீக்கிரம் எடுபடும்.

சிக்கல் இருப்பது வேறிடத்தில். பழைய சட்டம் பொதுவாகக் குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களைப் பற்றியது. நீலகிரியிலோ ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள் பல்லாயிரம் பேர். வடமாநிலக் குடும்பங்களில் பெரும்பகுதி இப்போது இவர்களிடமும், கேத்தி, பாலாடா, நஞ்சநாடு பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலும்தான் இருக்கிறது. இங்கே எஸ்டேட்டும் இல்லை, லைனும் இல்லை. தகரக் கொட்டகையில் இரண்டு குடும்பம், அடுத்த மேட்டில் ஒரு குடும்பம். கேரட் அறுவடைக்கு நள்ளிரவுக்கு மேல் லாரி ஏறிப் போகிறவர்களும் உண்டு, விடிவதற்குள் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டும் என்பதால். அப்போது கொட்டகையில் பிள்ளைகள் மட்டும்தான். இவர்களுக்காக எந்த மேனேஜரிடமும் போய்ச் சாவி கேட்க முடியாது.

தனியாக நிற்கும் குழந்தை என்றால் இந்த மலையில் பயம் வேறு மாதிரியானது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே, தாயோடு தோட்டத்து வழியே வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானையும் சேர்ந்துகொள்கிறது. உள்ளூர்க்காரருக்கு எந்த நேரத்தில் எந்தப் பாதை ஆகாது என்பது பழக்கத்தில் தெரியும். புதிதாக வந்தவருக்கு யாராவது சொல்ல வேண்டும். "பிள்ளையைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால் அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளாதீர்கள். தொலைவிலும் காட்டோரத்திலும் உள்ள குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை ஜீப்பில் கூட்டிவர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, பாதுகாவலர் வசதி உண்டு. தலைமையாசிரியர், வட்டாரத்துப் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வித்துறை அலுவலகமான வட்டார வள மையத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். எழுதவைப்பது உங்கள் பொறுப்பு.

சரி, சிதறிக் கிடக்கும் கொட்டகைகளுக்கு என்ன வழி? இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று அங்கன்வாடி. தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். ஆறு மாதக் குழந்தையிலிருந்து சத்துமாவு கிடைக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. இந்த ஊர்க்காரர்தானா என்று பார்த்துக் கொடுக்கும் திட்டம் அல்ல அது. பிரச்சினை நேரம்தான். அம்மா இலை நிறுத்துத் திரும்புவதற்கு முன்பே மையம் மூடிவிடும். இடையில் உள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை யாராவது பார்த்துக்கொண்டால் அக்காவுக்கு விடுதலை.

அந்த யாராவது ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், இதுதான் இரண்டாவது வழி. கோத்தகிரிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் ஐந்து ஜார்க்கண்ட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். யாரும் நியமிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் கெஞ்சிக் கேட்டாள், வைத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களும் கொண்டுவந்துவிட்டார்கள். மாதம் பிறந்தால் தாய்மார்கள் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். பழைய புடவையில் தூளி, வாசற்படியில் குறுக்கே ஒரு பலகை, சுவரில் சாய்த்து வைத்த பாய், மூலையில் ஒரு ஸ்டவ். குழந்தைகள் அவரை "ஆயா" என்கின்றன. அவர் 1970களில், சிறுமியாக, இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். "எங்க தோட்டத்துல இதைப் பிள்ளைமடுவம்னு சொல்லுவோம்" என்றார். இப்படிப்பட்டவர்கள் நீலகிரியில் ஒருவர் இருவர் அல்ல. ஒரு ஸ்டவ், பாய், தடுப்புக்கதவு, மருந்துப் பெட்டி, மாதம் ஒரு கௌரவமான தொகை. உங்கள் நான்கு பேரின் பணமும் இங்கே போனால் அதைவிடப் பெரிய பயன் வேறில்லை. நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும், உங்கள் நண்பர்களில் யாராவது "வெளியூர்க்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு" என்று கேட்பார்கள் என்பதால். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்குபோட்டது. மிஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார், ராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு மலை ரயிலோ பஸ்ஸோ. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி எங்கும் அவர்கள் வந்து இறங்கினார்கள். தமிழ் பேசினார்கள், அப்படியும் "சிலோன்காரன்" என்ற பெயர் விலகவில்லை. பள்ளியில் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டார்கள், சாதிச் சான்றிதழுக்குத் தாத்தாவின் ஊர் கேட்டார்கள். எல்லா ஆவணமும் கடலுக்கு அந்தப்பக்கம். அதனால் மேல்படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். என் அம்மா வீட்டு வகையில் மூன்று பேரை எனக்கே தெரியும்.

இன்னும் முடிந்தபாடில்லை. 2022இல் டான்டீ நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர முடிவெடுத்தபோது, ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி மறுபடி எழுந்தது. கூடலூர்ப் பக்கம் 1969ஆம் ஆண்டின் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், உரிமை முடிவாகாமல் மாட்டிக்கொண்ட நிலங்களில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு மின் இணைப்பே பெரும்பாடு. பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் தொடங்கும் வேலையில் வடமாநிலப் பிள்ளை, சிலோன்காரர் பேரப்பிள்ளை, கூடலூர்ப் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை என்று தனித்தனி அறை போடாதீர்கள். லைனில் அவர்கள் ஒரே குழாயடியில் நிற்கிறவர்கள். வடமாநிலத்தாருக்கு மட்டும் ஸ்வெட்டர் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அந்தக் குழாயடியில் சண்டை வரும்.

இனி ஆவணங்கள். இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது மிகக் குறைவு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் என்றுதான் பேசுகிறது. எந்த மாநிலம் என்றெல்லாம் அதில் இல்லை. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று 9ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது 14ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டக் கூடாது என்பது 5ஆவது பிரிவு. ஜூன் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்ப 15ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

இத்தனையும் தெரிந்துகொண்டு தலைமையாசிரியரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். மலைப்பள்ளிகளில் பல, இரண்டு ஆசிரியர்களோடு நடப்பவை. அவர் குழந்தையை வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ் இணையதளத்தில் ஏற்றும்போது கேட்கும் விவரத்துக்கு எங்கே போவது என்றுதான் கவலைப்படுகிறார். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், பெற்றோர் சொல்லும் பிறந்த தேதி, இப்போதைய முகவரி, ஒரு செல்போன் எண் எழுதி, பெற்றோரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு போனால் பாதிக் கவலை தீரும்.

பிறந்த தேதி என்றதும் ஒன்று. இந்தக் குடும்பங்களின் ஆதார் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்: அப்பா ஜனவரி 1, அம்மா ஜனவரி 1, பிள்ளைகளில் இரண்டு பேர் ஜனவரி 1. தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் அதைத்தான் போட்டிருப்பார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே ஆண்டும் விழுந்திருந்தால் இரட்டையர் என்று பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு முறை எமிஸில் ஏறியது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும். அதனால் முதல் நாளே தாயிடம் உட்கார்ந்து கேளுங்கள். தேதி தெரியாது, ஆனால் "கரம் திருவிழா முடிந்து பிறந்தான்", "பெரியவனுக்குப் பல் முளைத்தபோது இவள் வயிற்றில்" என்று சொல்வார்கள். கரம் என்பது ஜார்க்கண்ட் பழங்குடியினரின் திருவிழா, ஆகஸ்ட், செப்டம்பரில் வருவது. அதை வைத்து மாதத்தையாவது நெருங்கிவிடலாம்.

இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு வேறொரு முன்னேற்பாடு தேவை. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது கர்ப்பகாலப் பதிவின் பிக்மி எண்ணைக் கேட்பார்கள். ஏழாவது மாதத்தில் ஊரிலிருந்து வந்து இறங்கிய பெண்ணுக்கு அது இருக்காது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் உடனே கூட்டிப்போய்ப் பதிவு செய்யுங்கள். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அந்தப் பிள்ளைகள் 2028, 2029 வாக்கில் பள்ளி வாசலுக்கு வருவார்கள். இப்போதே செய்துவிட்டால் அப்போது அலைய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அசாமிலிருந்து வந்த, வங்காளம் பேசும் குடும்பங்களிடம் "எங்கிருந்து வருகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பதற்குப் பலர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் சேராதீர்கள். பள்ளிக்குத் தேவையானதற்கு மேல் ஒரு தாளும் கேட்காதீர்கள், கொடுத்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், செல்போனில் படம் பிடிக்காதீர்கள். அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் ஏற்றிருக்கிறது. மண்டபத்திலும் மற்ற மாவட்டங்களிலும் உள்ள மறுவாழ்வு முகாம்களின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பெற்றோரின் குடியுரிமை என்ன ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளையின் இடம் நான்காம் வகுப்பு.

அந்த நான்காம் வகுப்பில்தான் அடுத்த தொல்லை. பள்ளியே பார்க்காத ஒன்பது வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கூடவே சிறப்புப் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது; மத்திய மாதிரி விதிகளின்படி மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை. முதல் பாதி நடக்கிறது, இரண்டாம் பாதி நடப்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டுவிட்டுப் போகிற பிள்ளையை "சேர்ந்தாயிற்று" என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். (உணவைக் குறைவாகப் பேசவில்லை. அம்மா இருட்டோடு கிளம்பும் வீடுகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் செய்திருக்கும் நன்மையைக் கண்ணால் பார்த்தவன் நான்.) உங்கள் நான்கு பேருக்கும் பாடம் நடத்த ஆசை இருந்தால் இடம் இங்கேதான் இருக்கிறது: பள்ளிக்குள், பள்ளி நேரத்தில், தலைமையாசிரியர் சம்மதத்தோடு, அந்தப் பிள்ளைகளோடு தினம் முக்கால் மணி நேரம். ஆளுக்கு வாரத்தில் ஓரிரு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவிக் கிடக்கிறது, இவர்கள் எல்லோருக்கும் இந்திதான் தாய்மொழி என்று. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து இங்கே வருபவர்களில் பலர் முண்டா, ஒராவோன், சந்தால் பழங்குடியினர். வீட்டில் முண்டாரி, குருக், சந்தாலி, அல்லது பல இனத்தாருக்கும் பொதுவான சாத்ரி. ஒராவோன்கள் பேசும் குருக் நம் தமிழைப் போலவே திராவிட மொழி. இந்திப் பாடப் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தால் அந்தச் சிறுமிக்கு அதுவும் தமிழ்ப் புத்தகத்தைப் போலவே அன்னியம். கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவதும் இதே இடத்தில்தான். அங்கே பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியைப் போய்ப் பார்த்து வருவது உங்களுக்குப் பயன்படும்.

விளையாட்டுத் தமிழ் சீக்கிரம் வந்துவிடும். சில மாதங்களில் கடைக்குப் போய் மிச்சக் காசு சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். அதைப் பார்த்து "தமிழ் நன்றாகத் தெரிந்துவிட்டது" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. பேச்சுக்கான மொழி வேறு, படிப்புக்கான மொழி வேறு, இரண்டாவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்று கனடாவில் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் காட்டினார். இங்கேயும் அதுவே. சாயங்காலம் என்னோடு வாயாடும் ஒரு பையன், "ஒரு பெட்டியில் 12 பழம் வீதம்" என்று கணக்கில் வந்ததும் ஊமையாகிவிட்டான். பன்னிரண்டு தெரியும், பெட்டி தெரியும், பெருக்கலும் தெரியும், "வீதம்" தெரியாது. ஆகவே கதை சொல்வதைவிடக் கணக்குப் புத்தகத்தின் தமிழையும், அறிவியல் புத்தகத்தின் தமிழையும் முதலில் எடுங்கள். கணக்கை அவர்கள் மொழியிலேயே ஒருவருக்கொருவர் பேசிப் போடட்டும், தடுக்காதீர்கள்.

பிறகு, போய்விடுவார்கள். இதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கரம் திருவிழாவுக்குச் சிலர், சாத் பூசைக்குச் சிலர், கிறிஸ்தவக் குடும்பங்கள் டிசம்பரில். ஜனவரிக்குப் பிறகு இலை குறைந்த காலத்தில் வேறு மாவட்டத்துக்கே வேலை தேடிப் போகிறவர்களும் உண்டு. ஒரு மாதம் கழித்து வருவார்களா, வராமலே போவார்களா என்று அவர்களுக்கே தெரியாது. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். திரும்பி வந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை; இதைத் தலைமையாசிரியருக்கு நினைவூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு விழும். கிளம்பும் குடும்பத்திடம் ஒரு சிறு அட்டை கொடுத்தனுப்புங்கள்: பிள்ளையின் பெயர், எமிஸ் எண், நாடு முழுவதும் செல்லும் நிரந்தரக் கல்வி எண், படித்த வகுப்பு, பள்ளியின் பெயர், தொலைபேசி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைத் தாயிடமும் ஒன்றைப் பிள்ளையின் பையிலும் வையுங்கள். ராஞ்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கல்வி எண் ஒன்று போதும்.

பள்ளிக்குத் தவறாமல் வருவதில் வேறு சின்னச் சிக்கல். மலைப்பகுதி மாணவர்களுக்கு அரசு விலையில்லாக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கொடுக்கிறது. ஆனால் எண்ணிக்கை எடுத்த பிறகு, நடு ஆண்டில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு வராது. ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பருத்திச் சட்டையோடு யார் பள்ளிக்கு நடப்பார்கள்? பள்ளியின் நிறத்திலேயே பத்துச் சட்டை வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். யார் கொடுத்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் மூட்டை தூக்கவோ கேரட் கழுவவோ போவதைப் பார்த்தால் கண்டும் காணாமல் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் கூலிக்கு அமர்த்தக் கூடாது. முதலில் தந்தையிடம் பேசுங்கள். ஊரில் ஆள் பிடித்துக் கொடுத்த சர்தாரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்தக் கடன் கதை தெரியாமல் பையனை மட்டும் மீட்க முடியாது. பேசியும் ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அடி, தொடுதல் என்று ஏதாவது தெரிய வந்தால் யாரிடமும் பேசிக்கொண்டிருக்காமல் நேராக 1098.

உங்கள் குழுவுக்கும் கட்டுப்பாடு வேண்டும். தனியாக எந்த வீட்டுக்குள்ளும் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் தாயின் நோயைப் பற்றி மருத்துவரிடம் பேச, தமிழ் தெரிந்த மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றித் தன் வாயால் சொல்லும்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு லைனிலேயே தமிழ் பிடிபட்ட ஒரு பெரிய பெண் கிடைப்பாள்.

கடைசிக் கேள்வி, இந்தி. கற்றுக்கொண்டால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களோடு பேச உடைந்த இந்தியும் உடைந்த தமிழும் போதும். அவர்களுக்கும் பெரும்பாலும் அது இரண்டாவது மொழிதான் என்பதால் உங்கள் தவறுகளைக் கண்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல் குரல் பதிவாக அனுப்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரைப் பார்த்து, உங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு அவர்கள் வரும் நாளில் நீங்களும் கூடப் போக அனுமதி கேளுங்கள். கணக்கெடுப்பவர் பகலில் போவார். லைனில் பதில் சொல்லப் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள், கொட்டகை கண்ணிலேயே படாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால்தான் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையில் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.